ஸ்கார்பரோ பங்களோவும் டோக்கியோ ஒல்லி வீடும்

1989இல் ரொறன்ரோப் பெரும்பாகத்தில் ஒரு வீட்டின் சராசரி விலை ஏறத்தாழ 2 இலட்சத்து 73 ஆயிரம் டொலர். 1996இல் அது 1 இலட்சத்து 98 ஆயிரத்துக்கு வந்துவிட்டது. பழைய விலையை மறுபடி தொட 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எண்பதுகளில் வந்து இறங்கி, இரண்டு வேலை மூன்று வேலை என்று ஓடி, உச்ச விலையில் வீடு வாங்கி மாட்டுப்பட்டவர்கள் எங்கள் தமிழ் ஆட்களுக்குள்ளும் உண்டு. அவர்களிடம் யாரும் இப்போது கதை கேட்பதில்லை. "கனடாவில் வீட்டு விலை இறங்கின சரித்திரமே இல்லை" என்பதுதான் கல்யாண மண்டபச் சாப்பாட்டு மேசைகளில் நான் காலங்காலமாகக் கேட்டுவரும் வேதம்.

சரி, அந்த 1996இலிருந்து 2022 பெப்ரவரிக்கு வாருங்கள். சராசரி விலை 13 இலட்சத்து 30 ஆயிரம் டொலரைத் தாண்டியிருந்தது. ஆறரை மடங்குக்கும் மேல். அதே காலத்தில் பால், பாண், பெற்றோல், பஸ் கட்டணம் எல்லாம் சேர்ந்த பொது விலைவாசி இரண்டு மடங்குகூட ஆகவில்லை. சம்பளமும் வீட்டு விலைக்குக் கிட்ட வரவில்லை.

ஜேர்மனியில் 1990களின் நடுவிலிருந்து 2010 வரை வீட்டு விலை பெரும்பாலும் அசையவே இல்லை. விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் இறங்கித்தான் இருக்கிறது. ஜப்பானில் 1991இல் ஊதிப் பெருத்த விலைக் குமிழி உடைந்த பிறகு காணி விலை பத்தாண்டுக்கு மேல் சரிந்துகொண்டே போனது. மூன்றுமே பணக்கார நாடுகள். மூன்றிலும் வங்கிகள் கடன் கொடுக்கின்றன, மூன்றிலும் தரகர்கள் இருக்கிறார்கள், மனிதர்களின் ஆசையும் ஏறக்குறைய ஒரே அளவுதான். பிறகு ஏன் இந்த வித்தியாசம் என்பது என்னைப் பல வருடமாக அரித்த கேள்வி.

எங்கள் ஊரில் இதற்குத் தயாராக மூன்று பதில்கள் வைத்திருக்கிறார்கள்.

முதலாவது, வட்டி. கனடா மத்திய வங்கி 2020 மார்ச்சில் வட்டியை 0.25 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. வீட்டு விலை ராக்கெட் ஏறியது. 2023 ஜூலையில் வட்டி 5 சதவீதமானது, விலை இறங்கியது. ஆக, வட்டிக்குப் பங்கு இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் ஐரோப்பிய மத்திய வங்கி 2014இலேயே பூச்சியத்துக்குக் கீழே போய்விட்டது. ஜப்பான் 2016 முதல் 2024 வரை பூச்சியத்துக்குக் கீழேதான் நின்றது. அதற்கு முன்பும் பல ஆண்டுகள் பூச்சியத்தை ஒட்டித்தான். மலிவான கடன் மட்டுமே காரணம் என்றால் ஜப்பானில் வீட்டு விலை எங்களைத் தாண்டி வானத்துக்குப் போயிருக்க வேண்டும்.

இரண்டாவது, வெளிநாட்டுப் பணம். இதைக் குடியேறிய நாங்களே சொல்வதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, போகட்டும். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2016 ஓகஸ்டில் வெளிநாட்டார் வீடு வாங்கினால் 15 சதவீத வரி என்றது, பிறகு 20 ஆக்கியது. ஒன்ராறியோ 2017 ஏப்ரலில் அதே 15இல் தொடங்கி 25க்குக் கொண்டுபோனது. 2023 ஜனவரி முதல் நாட்டின் நகரப் பகுதிகளில் வெளிநாட்டார் வாங்கத் தடையே வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் சந்தை சில மாதம் மூச்சுப்பிடித்து நின்றது. 2017 வரிக்குப் பிறகு அடங்கிய ரொறன்ரோ விலை, 2020இல் வட்டி விழுந்ததும் பழைய உச்சத்தைத் தாண்டிப் போனது.

மூன்றாவது, குடிவரவு. இதில் உண்மை அதிகம். 2023 ஒரே ஆண்டில் கனடாவின் சனத்தொகை 12 இலட்சத்துக்கு மேல் கூடியது. அந்த ஆண்டு கட்டத் தொடங்கிய வீடுகளோ சுமார் 2 இலட்சத்து 40 ஆயிரம். இந்தக் கணக்குக்குப் பொருளாதாரப் பட்டம் தேவையில்லை. ஆனாலும் டோக்கியோவின் மையமான 23 வட்டாரங்களைப் பாருங்கள். நாடு முழுக்க ஆட்கள் குறையத் தொடங்கிய காலத்தில், 2000க்கும் 2020க்கும் இடையில், அங்கே மட்டும் 15 இலட்சம் பேருக்கு மேல் கூடினார்கள். அத்தனை பேரும் எங்கேயோ படுத்து எழும்புகிறார்கள். அந்த இருபது ஆண்டில் அங்கே வாடகை எங்களுடையதைப் போலத் துள்ளவில்லை.

ஆட்கள் வருவதும் பணம் வருவதும் எல்லாப் பெரிய நகரத்துக்கும் பொது. வந்த பிறகு அந்த அழுத்தம் எந்தப் பக்கம் போகிறது என்பதில்தான் நாடுகள் பிரிகின்றன. ஓரிடத்தில் அது புதுக் கட்டடமாகிறது. இன்னோரிடத்தில் பழைய கட்டடத்தின் விலையாகிறது.

இந்த இடத்தில் ஒரு ஆய்வைச் சொல்ல வேண்டும். ஜேர்மன் பொருளாதார ஆய்வாளர்கள் மூவர், கனடா, ஜப்பான், பிரிட்டன் உட்படப் பதினான்கு பணக்கார நாடுகளின் வீட்டு விலையை 1870இலிருந்து திரட்டி 2017இல் வெளியிட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய விலையேற்றத்தில் சுமார் 80 சதவீதம் காணியின் விலையேற்றம் என்பது அவர்கள் கண்டது. செங்கல், மரம், தச்சர் கூலி எல்லாம் மிச்ச இருபதுக்குள் அடக்கம்.

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் இருப்பவர்களுக்கு இதை ஆய்வு வைத்து விளக்கத் தேவையில்லை. எங்கள் பக்கத்துத் தெருக்களில் ஐம்பதுகளில் கட்டிய செங்கல் பங்களோக்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு மாடி, மூன்று படுக்கையறை, கீழே பேஸ்மென்ட், முன்னால் புல்வெளி, பின்னால் நீளமான வளவு. அதில் ஒன்று விற்பனைக்கு வந்தபோது நண்பனுக்காகப் பார்க்கப் போயிருந்தேன். கூரை ஒழுகிய தடம் சீலிங்கில் மஞ்சளாகப் படிந்திருந்தது. பேஸ்மென்ட் சுவரில் பூஞ்சணம். சமையலறை அலுமாரிக் கதவு ஒன்றைத் திறந்தேன், கையோடு வந்துவிட்டது. ஏஜென்ட் அண்ணை அசரவில்லை. "தம்பி, வீட்டைப் பார்க்காதையும். காணியைப் பாரும்" என்றார். கேட்ட விலை 9,99,000. அது வெறும் தூண்டில் விலை. 'ஓஃபர் நைட்' என்று ஒரு இரவு குறிப்பார்கள். அன்றைக்கு எல்லாரும் போட்டிபோட்டு எழுதிக் கொடுக்க வேண்டும், மற்றவர் என்ன எழுதினார் என்று தெரியாது. வீட்டைச் சோதிக்க ஆளனுப்புவேன், வங்கி கடன் தந்தால்தான் வாங்குவேன் என்ற நிபந்தனைகளை எடுத்தால்தான் வரிசையிலேயே நிற்கலாம். அந்த வீடு கேட்ட விலையைவிட இரண்டு இலட்சத்துக்கு மேல் கூடப் போனது. வாங்கியவர் அடுத்த கோடையிலேயே இடித்தார்.

இடித்துவிட்டு அந்த இடத்தில் என்ன கட்டினார்? இன்னொரு ஒற்றை வீடு. முன்னதைவிட மூன்று மடங்கு பெரிசு, குடும்பம் அதே ஒன்றுதான். அவர் ஆசைப்பட்டிருந்தாலும் நான்கு குடும்பத்துக்கு நான்கு வீடு கட்டியிருக்க முடியாது. 2023 மே வரை ரொறன்ரோவில் குடியிருப்புக் காணியில் ஏறத்தாழ 70 சதவீதத்தில் தனி வீடு தவிர வேறு கட்டச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. நகர வரைபடத்தில் அந்தப் பகுதிக்கு மஞ்சள் நிறம். அதற்குள் பல தெருக்களில் இருபது முப்பது வருடத்தில் ஆட்கள் குறைந்தே போனார்கள். பிள்ளைகள் வளர்ந்து போக, பெரிய வீடுகளில் இரண்டு வயோதிபர்கள் மிஞ்சினார்கள். நகரத்துக்கு வந்த அத்தனை புதுச் சனமும் மஞ்சளுக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்திலும் பழைய தொழிற்சாலைக் காணிகளிலும் நாற்பது மாடி ஐம்பது மாடிக் கொண்டோக்களுக்குள் அடுக்கப்பட்டது. ரொறன்ரோவை விமானத்திலிருந்து பார்த்திருக்கிறீர்களா? ஒன்றில் வானளாவி, இல்லையென்றால் பங்களோ. நடுவில் ஒன்றுமில்லை.

ஏன் அனுமதிப்பதில்லை என்பதற்குச் சட்டப் புத்தகத்தைப் புரட்ட வேண்டாம். ஒரு ஆலோசனைக் கூட்டத்துக்குப் போனால் போதும். எங்கள் பகுதியில் பஸ் ஓடும் பெருந்தெருவில் பதினோரு மாடிக் கட்டடம் ஒன்றுக்கு விண்ணப்பம் வந்திருந்தது. பாடசாலை நூலகத்தில் கூட்டம். கட்டுநர் தரப்பு நிழல் வரைபடம் காட்டியது: மார்ச் 21ஆம் தேதி காலை இத்தனை மணிக்கு யார் வீட்டுக் கொல்லையில் எவ்வளவு நேரம் நிழல் விழும் என்று. ஒரு வெள்ளைக்கார முதியவர் தன் தக்காளிப் பாத்தியைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். அப்புறம் எங்கள் ஐயா ஒருவர் எழும்பினார். "இந்த ரோட்டில இப்பவே பார்க்கிங் இல்லை. இன்னும் இருநூறு குடும்பம் வந்தால் நாங்கள் எங்க போறது?" நல்ல கைதட்டல். அந்த ஐயாவின் பேஸ்மென்டில் வாடகைக்கு மாணவர்கள் இருப்பது எனக்குத் தெரியும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை; அந்த வாடகையில்தான் அவருடைய மோர்ட்கேஜ், அதாவது வீட்டுக் கடன், ஓடுகிறது. ஆனால் அந்தக் கட்டடத்துக்குக் குடிவரப்போகிறவர்களில் ஒருவர்கூட அந்த அறையில் இல்லை, இருக்கவும் முடியாது. அவர்கள் யாரென்றே இன்னும் யாருக்கும் தெரியாதே. கூட்டத்துக்கு வருகிறவர் எப்போதும் ஏற்கனவே வீடு உள்ளவர்.

டோக்கியோவில் இந்தக் கூட்டத்துக்கு அவ்வளவு வலு கிடையாது. அங்கே நில வகைப்பாடு நாடு முழுவதற்கும் ஒரே தேசியச் சட்டம். 1968 நகரத் திட்டச் சட்டத்தின் வழிவந்தது. இப்போது மொத்தம் 13 வகை வலயங்கள். ஒவ்வொரு வலயத்திலும் அதிகபட்சம் எது வரை போகலாம் என்று எழுதியிருக்கும்; அதற்குக் கீழே உள்ளதெல்லாம் பொதுவாகச் சரி. மிகக் கண்டிப்பான தாழ்மாடிக் குடியிருப்பு வலயத்தில்கூட அடுக்குமாடி வீடு கட்டலாம், உயரத்தை மீறாமல் இருந்தால் போதும். வீட்டோடு ஒட்டிய சின்னக் கடையும் வைக்கலாம். விதிக்கு உட்பட்டால் அனுமதி கிடைக்கும். தக்காளிப் பாத்தியை வைத்து அதைத் தடுக்க வழி அநேகமாக இல்லை.

செத்தகாயா என்ற வட்டாரத்தில் கொஞ்ச நாள் தங்கியிருந்தேன். ஒன்பது இலட்சம் பேருக்கு மேல் வாழும் வட்டாரம், ஆனால் தெருவுக்குள் போனால் கிராமம் மாதிரி அமைதி. இரண்டு பழைய வீடுகளுக்கு நடுவே, எங்கள் ஊரில் கார் விடும் பாதை என்று விட்டுவிடக்கூடிய அகலத்தில், ஒரு ஒல்லி வீடு எழும்பிக்கொண்டிருந்தது. மூன்று மாடி. கீழே கார் லாச்சிக்குள் செருகியது போல நிற்கும். மேலே இரண்டு தட்டில் ஒரு குடும்பம். அடுத்த மூலையில் பழைய வீடொன்றை இடித்து எட்டுச் சின்ன அப்பார்ட்மென்ட் கட்டியிருந்தார்கள். கீழ்த்தளத்தில் முடி வெட்டும் கடை. தெரு அழகாக இருந்ததா என்று கேட்டால், ஒன்றோடொன்று பொருந்தாத கட்டடங்கள், தலைக்கு மேல் மின்கம்பிச் சிக்கல். ஸ்கார்பரோ ஐயா பார்த்தால் மயங்கி விழுந்திருப்பார். ஆனால் 2014ஆம் ஆண்டு டோக்கியோ மாநகரம் மட்டும் சுமார் 1 இலட்சத்து 42 ஆயிரம் வீடு கட்டத் தொடங்கியது. அதே ஆண்டு இங்கிலாந்து முழுவதும் சேர்த்து 1 இலட்சத்து 37 ஆயிரம். இங்கிலாந்தின் சனத்தொகை டோக்கியோவைப்போல நான்கு மடங்கு.

டோக்கியோவைச் சொர்க்கமாக்கிவிடவும் கூடாது. ஜப்பானில் வீடு என்பது தேய்ந்து போகும் பொருள். மர வீட்டுக்கு வரிக் கணக்கில் ஆயுள் 22 ஆண்டுதான். நிலநடுக்கத்துக்கான கட்டட விதி 1981இல் கடுமையாக்கப்பட்டதால் அதற்கு முந்தியதை வாங்கப் பலர் தயங்குவார்கள். பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டுவதே வழக்கம். 2008 வாக்கிலிருந்து சனத்தொகை குறைகிறது; 2023 கணக்கெடுப்பில் 90 இலட்சம் வீடுகள் வெறுமையாக இருந்தன. அதற்கும் மேலே, எண்பதுகளின் குமிழியில் சுட்டுக்கொண்ட ஒரு தலைமுறை காணியை முதலீடாகப் பார்க்கவே பயந்தது. இவையெல்லாம் சேர்ந்துதான் விலையை அடக்கி வைத்தன. அண்மையில் அங்கேயும் காற்று மாறுகிறது: 23 வட்டாரங்களில் புது அடுக்குமாடி வீட்டின் சராசரி 2023இல் 10 கோடி யென்னைத் தாண்டியது. ஆனால் சாதாரண வேலை செய்யும் இளம்பிள்ளை சின்னதாகவேனும் தனக்கென்று ஒரு அப்பார்ட்மென்டை வாடகைக்கு எடுத்து வாழ அந்த நகரம் இடம் வைத்திருக்கிறது. ரொறன்ரோவில் அதே பிள்ளை, இன்னொருவரோடு பங்குபோட்ட பேஸ்மென்ட் அறையில் இருக்கும்.

ஜேர்மனியின் கதை வேறு. என் சித்தி மகன் எஸன் நகரில் முப்பது வருடத்துக்குக் கிட்ட வாழ்கிறான். அதில் பெரும்பகுதி ஒரே வாடகை வீட்டில். கனடாவிலிருந்து போன எங்கள் சொந்தக்காரர்கள் அவனைப் பார்த்துப் பரிதாபப்பட்டதை நானே கேட்டிருக்கிறேன்: "இன்னும் வாடகைக்கா இருக்கிறாய்?" அவனுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. அங்கே வாடகை ஒப்பந்தத்துக்குப் பொதுவாக முடிவுத் தேதி இல்லை. சும்மா எழும்பு என்று சொல்ல முடியாது. இருக்கும் குடியாளுக்கு மூன்று ஆண்டில் 20 சதவீதத்துக்கு மேல் வாடகை ஏற்ற முடியாது. நெருக்கடியான நகரங்களில் 15தான். எவ்வளவு நிலையாக இருப்பார்கள் என்றால், பல வாடகை வீடுகள் சமையலறை இல்லாமலே கைக்கு வரும். "கிச்சின் எல்லாம் நாங்கள்தான் போடுறது அண்ணை. போகேக்க கழட்டிக்கொண்டு போறது" என்றான். அவன் மனைவி அளந்து செய்வித்த அலுமாரிகளைத் திறந்து திறந்து காட்டினாள். ஒன்றும் கையோடு வரவில்லை.

ஜேர்மானியர்களில் பாதிப்பேர் அளவுதான் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலேயே மிகக் குறைவு. வாடகையில் நிம்மதியாக இருக்க முடிவதால், 'இப்ப வாங்காவிட்டால் இனி எப்பவுமே வாங்க ஏலாது' என்ற பதற்றம் அங்கே குறைவு. எங்கள் விலையேற்றத்தில் அந்தப் பதற்றத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வங்கிகளும் நிதானம். வீட்டுக் கடனுக்குப் பணம் திரட்ட அவர்கள் விற்கும் அடமானப் பத்திரங்களுக்கு ஆதாரமாக வைக்கும் வீட்டை இன்றைய சந்தை விலையில் மதிப்பிடாமல் நீண்டகாலத்துக்கு நிற்கக்கூடிய மதிப்பில் குறைத்து மதிப்பிடுகிறார்கள். அதனால் விலை ஏற ஏறக் கடனும் சேர்ந்து ஊதுவது குறைகிறது.

அதைவிட எனக்குச் சுவையாகப் பட்டது உள்ளூராட்சியின் வருமானம். ஜேர்மனியில் அந்தந்த ஊரவர் கட்டும் வருமான வரியில் 15 சதவீதம் உள்ளூராட்சிகளுக்குப் போகிறது. புதுக் குடும்பம் வந்தால் நகரசபைக்கு வருமானம். ரொறன்ரோவில் புதுக் குடும்பம் வந்தால் தண்ணீர்க் குழாய், பாதை, பூங்கா என்று செலவு. அதை ஈடுகட்டப் புது வீட்டின் தலையிலேயே கட்டணம் போடுகிறார்கள். 2024இல் ஒரு தனி வீட்டுக்கு அந்த அபிவிருத்திக் கட்டணம் மட்டும் 1 இலட்சத்து 30 ஆயிரம் டொலருக்கு மேல். பழைய வீட்டுக்காரரின் சொத்து வரியோ இன்னும் 2016 ஜனவரி மதிப்பீட்டில் நிற்கிறது. பிந்தி வருகிறவன்தான் கட்டவேண்டும் என்று ஊரே சேர்ந்து எடுத்த முடிவு அது.

2010க்குப் பிறகு ஜேர்மனியும் எங்கள் பக்கம் நகர்ந்தது. பெர்லினுக்கும் மியூனிக்குக்கும் ஆட்கள் குவிந்தார்கள், வட்டி விழுந்தது, கட்டுவது பின்தங்கியது. விலை ஏறியது. 2015இல் வாடகை ஏற்றத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். பெர்லின் 2020இல் வாடகையையே உறையவைத்தது. 2021 ஏப்ரலில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தூக்கிவிட்டது. நல்ல வாடகைச் சட்டம் உள்ளே இருப்பவனைக் காப்பாற்றும், வெளியே நிற்பவனுக்கு ஒரு அறைகூடக் கட்டித் தராது. சித்தி மகனின் மகள் பெர்லினில் படிக்கப் போனபோது இடம் தேடிப் பட்ட பாடு அவனுக்கே அதிர்ச்சி.

இப்படிச் சொல்லிக்கொண்டு போனால், "அப்ப நிறையக் கட்டினால் பிரச்சினை முடிஞ்சுது" என்று யாராவது சொல்லுவார்கள். ஸ்பெயினைக் கேளுங்கள். 2006இல் அந்த நாடு ஏழு இலட்சத்துக்கு மேல் வீடு கட்டத் தொடங்கியது. அத்தனை கட்டியும் விலை ஏறிக்கொண்டே இருந்தது, ஏனென்றால் வங்கிகள் கண்ணை மூடிக்கொண்டு கடன் கொடுத்தன; கட்டியதில் கணிசமான பகுதி வேலையுள்ள நகரங்களில் இல்லாமல் கடற்கரையிலும் வெறுங்காணிகளிலும் நின்றது. 2008க்குப் பிறகு விழுந்த விழுகையில் விலையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் கரைந்தது, கூடவே இலட்சக்கணக்கானோரின் வேலையும். எங்கே கட்டுகிறோம், யாருக்குக் கட்டுகிறோம், எவனுடைய கடனில் கட்டுகிறோம் என்ற மூன்றும் சேர்ந்தே வரவேண்டும்.

எனக்கு நம்பிக்கை தருவது நியூசிலாந்தின் ஆக்லாந்து. எங்களைப் போலவே ஆங்கிலேயப் பழக்கம், தனி வீட்டு மோகம், குடிவரவு, பைத்தியக்கார விலை. 2016இல் அந்த நகரம் தன் குடியிருப்புக் காணியில் ஏறத்தாழ முக்கால் பங்கில் கூடுதல் வீடு கட்ட அனுமதி கொடுத்தது. ஐந்தாறு வருடத்தில் கட்டட அனுமதிகள் ஏறத்தாழ இரட்டிப்பாகின. ஒரு பங்களோ நின்ற காணியில் ஆறு டவுன்ஹவுஸ் என்று நகரத்துக்கு உள்ளேயே எழும்பின. 2021இல் வட்டி மலிவில் அங்கேயும் விலை உச்சம் தொட்டது உண்மைதான். ஆனால் இந்த மாற்றம் இல்லாதிருந்தால் வாடகை இன்னும் எவ்வளவோ உயர்ந்திருக்கும் என்று ஆக்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். வெல்லிங்டன் முதலிய மற்ற ஊர்களில் வாடகை ஓடியதைப் பார்த்தால் அது எனக்கு நம்பக்கூடியதாகவே தெரிகிறது.

கனடாவில் அந்தத் துணிவு ஏன் வரவில்லை? என் பதில் கொஞ்சம் கசப்பானது: இங்கே விலை இறங்குவதைப் பெரும்பான்மை விரும்பவில்லை. 2021 குடிசன மதிப்பீட்டின்படி 66.5 சதவீதக் குடும்பங்கள் சொந்த வீட்டில் இருக்கின்றன. குடியிருக்கும் வீட்டை விற்று வரும் இலாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. 1972இல் அந்த வரி வந்த நாளிலிருந்தே விலக்கு. ஆகவே வேலை செய்து உழைத்த காசுக்கு வரி, வீடு தானாக ஏறிய காசுக்கு வரியில்லை. ஓய்வூதியம் இல்லாத வேலையில் இருந்த எங்கள் ஆட்களுக்கு வீடுதான் ஓய்வூதியம், வீடுதான் மகளின் கல்யாணச் செலவு, வீடுதான் மகனின் டவுன் பேமென்ட். 2024இல் அன்றைய பிரதமர் ட்ரூடோ, வீடு அதன் மதிப்பைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். 2025 மே மாதம் புதிதாகப் பதவியேற்ற வீடமைப்பு அமைச்சர், முன்னாள் வன்கூவர் மேயர் கிரெகர் ராபர்ட்சன், வீட்டு விலை இறங்க வேண்டுமா என்று கேட்டதற்கு 'இல்லை' என்றார். வீடு எல்லாருக்கும் கட்டுப்படியாக வேண்டும், ஆனால் விலை இறங்கக் கூடாது. இரண்டையும் ஒரே வாயால் சொல்லக்கூடிய நாடு இது. சொன்னவர்களுக்கு வாக்கும் விழுகிறது.

முன்பு ஒரு வழி இருந்தது. போருக்குப் பிறகு மத்திய அரசே வீடு கட்ட இறங்கியது. 1946இல் அதற்கென்று ஒரு கூட்டுத்தாபனம் வைத்து, பிற்காலத்தில் கூட்டுறவு வீடுகளுக்கும் சமூக வீடுகளுக்கும் பணம் கொடுத்தது. தொண்ணூறுகளில் வந்த எங்கள் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்த வீடுகள்தான் முதல் கூரை. 1993இல் புதிய சமூக வீடுகளுக்குப் பணம் கொடுப்பதை மத்திய அரசு நிறுத்தியது. அதே கூட்டுத்தாபனம் இன்று முக்கியமாக மோர்ட்கேஜுக்குக் காப்புறுதி கொடுக்கிறது. அதாவது வீடு கட்டிய கை, கடனுக்குப் பொறுப்பு நிற்கும் கையாக மாறியது. வியன்னா போன்ற நகரம் அந்தக் கையை எடுக்கவே இல்லை. அங்கே மாநகரசபைக்குச் சொந்தமாகவே சுமார் 2 இலட்சத்து 20 ஆயிரம் வீடுகள் உண்டு. நகரத்தில் ஏறத்தாழ பாதிப்பேர் சபையின் அல்லது இலாப வரம்புள்ள சங்கங்களின் வீட்டில் வாழ்கிறார்கள். வாடகைக்கு விடும் தனியார் வீட்டுக்காரன் அந்தப் போட்டியைப் பார்த்துத்தான் விலை சொல்லவேண்டும்.

இப்போது ரொறன்ரோவில் விலை இறங்கித்தான் இருக்கிறது. 2025இல் சராசரி 10 இலட்சத்துக்குச் சற்று மேலே. புதுக் கொண்டோ விற்பனை பல பத்தாண்டுகளில் காணாத அளவுக்குப் படுத்துவிட்டது. கட்டுமுன்பே முற்பணம் கட்டி, கட்டி முடிந்ததும் இலாபத்தில் கைமாற்றலாம் என்று இருந்தவர்கள் பாவம், வங்கி மதிப்பிடும் தொகை ஒப்பந்த விலைக்கு வராமல் கையைப் பிசைகிறார்கள். மத்திய அரசு குடிவரவு இலக்கையும் குறைத்தது: 2024இல் 4 இலட்சத்து 85 ஆயிரம் நிரந்தரவாசிகள், 2025க்கு 3 இலட்சத்து 95 ஆயிரம். மேசைப் பேச்சில் இப்போது புது வேதம்: "இனிக் கனகாலம் எழும்பாது." எனக்கு அதிலும் நம்பிக்கையில்லை. இன்று கொண்டோ விற்காததால் இன்று அத்திவாரம் போடுவதில்லை. போடாத அத்திவாரம் நான்கைந்து வருடம் கழித்து இல்லாத வீடாக வந்து நிற்கும். அப்போது வட்டியும் மலிவாக இருந்தால் ஓஃபர் நைட் மறுபடி வரும்.

மஞ்சள் பகுதிக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். 2023இல் நகரம் முழுக்க ஒரு காணியில் நான்கு வீடு வரை கட்டலாம் என்றார்கள். 2025 ஜூனில் அதை ஆறாக்கும் தீர்மானம் வந்தது. ஆறு வீடு என்பது மத்திய அரசின் வீடமைப்பு நிதி ஒப்பந்தத்தில் நகரம் ஏற்றுக்கொண்ட பேச்சு. மாநகரசபை விவாதித்து, மொத்தம் 25 தொகுதிகளில் ஒன்பதுக்கு மட்டும் சரி என்றது. எட்டு, பழைய நகரமும் அதை ஒட்டிய ஈஸ்ட் யோர்க்கும். புறநகர்ப் பக்கத்தில் சேர்ந்தது ஒன்றே ஒன்று, ஸ்கார்பரோ வடக்கு. மற்றவர்கள் விரும்பினால் பிறகு சேரலாமாம். ஸ்கார்பரோ வடக்கு எங்கள் ஆட்களும் நிறைய இருக்கும் தொகுதி. அந்த ஐயாவின் வீடு தொகுதி எல்லைக்கு எந்தப் பக்கம் என்று வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். அவர் காணியில் நான்குதான். தெருவைக் கடந்தால் ஆறு. போன கிழமை கடையில் கண்டபோது இதைச் சொன்னேன். ஐயா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அங்கால காணி விலை கூடிப்போயிருக்குமே?" என்று கேட்டார்.